வெயிலும் நிழலும்

கமரா பிடிப்போரின் திறமையைச் சோதிக்கச் சப்பிரகமுவவின் இறப்பர் தோட்டம் ஒன்றே போதும். மரத்தடியில் அடர்ந்த நிழல். கிளைகளுக்கிடையே கண்ணைக் கூசவைக்கும் வானம். கரிய சிரட்டையில் வெண்ணிறப் பால். அருகே பால் வெட்டும் பெண்ணின் கரிய முகம். நம் கண் யாவற்றையும் ஒருங்கே காண்கிறது. கமராவுக்கு அவ்வல்லமை இல்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் ஐந்து படி வேறுபாடு இருந்தால், வெயில் 32 மடங்கு ஒளியுடையது என்பது பொருள். ஒவ்வொரு படியும் ஒளியை இரட்டிப்பதன்றோ!

இவ்விடத்தில் பிலிமும் டிஜிட்டல் கமராவும் நேர்மாறான இயல்புடையவை. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் ஒளி சற்று மிகுந்துவிட்டாலும் இருட்டறையில் அச்சிடும்போது பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஒளியே எட்டாத நிழலில் மீட்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவேதான், "நிழலை அளந்து படம் எடு, வெளிச்சத்தை அளந்து பிலிமைக் கழுவு" என முன்னோர் விதித்தனர். 1940ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான அன்சல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் வகுத்த 'மண்டல முறை' இவ்விதியையே ஒழுங்குபடுத்தியது.

டிஜிட்டல் உணரியோ மழைநீர் ஏந்தும் வாளியைப் போன்றது. நிறைந்தபின் விழும் துளி வீணே. முற்றாக வெளுத்துப்போன வானத்தை எக்கணினியும் மீட்டுத் தராது. நிழலைப் பின்னர் ஓரளவு துலக்கலாம்; மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தோன்றும், அவ்வளவே. எனவே இங்கு வெளிச்சத்துக்கே காவல் வேண்டும் என்பர்.

ஆயினும் மாணவ நண்பர்களே, இவ்விதியைக் கண்மூடிப் பின்பற்றலாகாது. பின்னால் வெள்ளை வானம் இருப்பின், கமரா தானாகவே ஒளியைக் குறைத்துவிடும். வானம் பிழைக்கும், முன்னே நிற்பவரின் முகம் கரிக்கட்டையாகிவிடும். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு எஞ்சப்போவது அந்த ஒரு படமாகவே இருக்கலாம். வானம் நாளையும் வரும். பாட்டியின் முகம் வருமா?

செய்யவேண்டியது எளிது. பாட்டியை லயத்து இஸ்தோப்பின் ஓரத்தில், வெளிச்சத்தை நோக்கி அமரச் செய்யுங்கள். பின்னால் வானம் வேண்டாம், சுவர் இருக்கட்டும். கைப்பேசியாயின் திரையில் அவர் முகத்தின் மீது விரலை வையுங்கள். ஒளி முகத்துக்கேற்ப அமையும். உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலோ மேகமூட்டத்திலோ எடுங்கள்.

வானமும் வேண்டுமெனில், கூடிய ஒளியிலும் குறைந்த ஒளியிலும் எடுத்த படங்களை ஒன்றாக்கும் வசதி இன்றைய கைப்பேசிகளில் உண்டு. இது புதுமையன்று. பிரான்ஸ் தேசத்துக் குஸ்தாவ் லெ கிரே, 1850களிலேயே கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டிருக்கிறார்!

கருவி எதுவாயினும், எதைக் காப்பது, எதை இழப்பது என்று முதலில் தீர்மானிப்பவர் நாமே. அத்தீர்மானத்தைக் கமராவிடம் விட்டுவிடாதீர்கள்.