தொலைவினின்று முறையிடும் உரிமை

நம் திருவண்ணாமலையின் கார்த்திகைத் தீபத்தை மலையேறாதாரும் தொலைவினின்று காண்பர். முறையீட்டிற்கோ காண்டல் போதாது, கேட்கப்படுதலும் வேண்டும்.

காணாமலாக்கப்பட்ட மக்களைத் தேடும் தாய்மார் 2017-ஆம் ஆண்டிற் கிளிநொச்சி வீதியோரம் தொடர்போராட்டம் தொடங்கினர். அவர்தம் குறையை ஆராயும் ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றமோ ஜெனீவாவிலுள்ளது. பெருந்தொற்றுக் காலத்தே, 2020-இல், அம்மன்றம் தன்னார்வச் சங்கங்களின் காணொளி உரைகளை ஏற்றது. 2021 மார்ச்சுத் திங்களில் இலங்கை பற்றிய 46/1 தீர்மானமும், பெரும்பாலும் இணையவழி நிகழ்ந்த கூட்டத்தொடரிலேயே நிறைவேறிற்று. ஆதலின் இஃது இயலாதென்றல் பொருந்தாது.

நேரிற் செல்வார் தூதரோடு தனித்துரையாடும் நன்மை பெறுவர். அதனை யாம் மறுக்கின்றிலேம். ஆயினும், திருமறை உவமையில் வரும் விதவை ஓயாது முறையிட்டது, நியாயாதிபதி அவள் பட்டணத்திலேயே இருந்தமையாலன்றோ? கடல் கடக்கவியலாத தாய்க்கு இணையவழியாம் வாயில் என்றுந் திறந்திருத்தல் வேண்டும். அது சலுகையன்று, உரிமையேயாம்.