கல்விக்குக் கப்பமா?

தேசிங்கு ராஜன் கதையைப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தகப்பன் சொரூப் சிங் காலத்துக் கப்பப் பாக்கியை ஆற்காட்டு நவாப் மகனிடம் கேட்டார்; மகன் மறுத்தான்; 1714இல் சண்டை மூண்டு களத்தில் மாண்டான். தகப்பன் பாக்கி மகன் தலையில் விழுந்த கதை அது. இன்று அதே செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் கதை தலைகீழாக நடக்கிறது. பிள்ளை படிக்க வாங்கிய கடன் பெற்றவர்கள் தலையில் விழுகிறது.

பிளஸ் டூ முடிவு வந்ததும் பாருங்கள். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆட்டை ஓட்டி வருகிறார் ஒரு விவசாயக் கூலி. மல்லாட்டை பிடுங்கிச் சேர்த்த பணத்தை முந்தானையில் முடிந்து வருகிறார் ஒரு தாய். எதற்கு? மகன் கனவு கண்ட கல்லூரிக்கு முன்பணம் கட்ட. "மீதிக்கு லோன் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்கிறான் ஏஜெண்டு.

கனவு காண்பது குற்றமா? இல்லவே இல்லை. "கூலிக்காரன் பிள்ளைக்கு எஞ்சினியர் படிப்பு எதற்கு?" என்று கேட்பவன் நமக்கு எதிரி. ஆனால் கையெழுத்துப் போடுமுன் கணக்குப் போட வேண்டாமா?

நாலு வருஷப் படிப்புக்கு வருஷம் 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன். வட்டி நூற்றுக்கு வருஷம் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சம் வரை வங்கி நிலமோ நகையோ ஈடு கேட்பதில்லை. ஆனால் பெற்றவர்களும் கடன்காரர்களாகக் கையெழுத்திட வேண்டும். படிக்கும் காலத்திலும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை இல்லை. வட்டி மட்டும் தூங்குவதில்லை. தனி வட்டியாகவே கணக்கிட்டாலும் 1 லட்சத்து 40 ஆயிரம் ஏறிவிடும். ஆகக்கூடி 5 லட்சத்து 40 ஆயிரம். இதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 7,100 ரூபாய். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் வைத்த கூலி நாளுக்கு 336 ரூபாய். 21 நாள் உழைப்பு தவணைக்கே சரி! வாங்கியது 4 லட்சம்; கட்டி முடிப்பது எட்டரை லட்சம்.

குடும்ப வருமானம் வருஷம் நாலரை லட்சத்திற்குள் இருந்தால், படிப்புக் காலத்து வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டம் உண்டு. தர அங்கீகாரம் இல்லாத கல்லூரிக்கு அது செல்லாது. ஏஜெண்டு இதைச் சொன்னானா?

படித்தும் வேலை கிடைக்காவிட்டால்? 2016இல் மதுரையில் கல்விக்கடன் வாங்கிய ஓர் இளம் பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டார். வசூலுக்கு வந்தவர்கள் கொடுத்த நெருக்கடியே காரணம் என்று குடும்பத்தார் கதறினார்கள். கடன் கொடுத்தது பொதுத்துறை வங்கி. வசூலுக்கு வந்ததோ தனியார் கம்பெனி!

ஆகவே தோழர்களே, முதலில் கலந்தாய்வுக்குப் பிள்ளையை அனுப்புங்கள். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அந்த வழியில்தான் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இரண்டும் போச்சு. 2022இல் செஞ்சியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி திறக்கப்பட்டது. அதையும் மனதில் வையுங்கள். உள்ளூர்க் கல்லூரி என்பதால் எந்தப் பிள்ளையும் தாழ்ந்துவிடாது.

ஆனால் பிள்ளையின் ஆசையைச் சுருக்குவது மட்டும்தான் வழியா? அல்ல! கல்வி கொடுப்பது சர்க்காரின் கடமை. அந்தக் கடமையைக் கைகழுவி, அதன் செலவைக் கூலிக்காரன் பெயரில் கடனாக எழுதுவது என்ன நியாயம்? அரசுக் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்கு! பிள்ளைகள் விரும்பும் பாடங்களை அங்கேயே கொண்டுவா! வேலை கிடைக்காதவர் கடனைத் தள்ளுபடி செய்! கல்விக்கடன் வசூலில் தனியாரை நுழைக்காதே! இவற்றை வயல்காட்டிலும் ஆலை வாசலிலும் பேசுவோம்.

தேசிங்கு சிறு படையோடு போய் மாண்டான். நாம் சிறு படையல்ல!