முதலிடம் யாருக்கு?

கூகுள் தேடலில் முதலிடம் பெற விரும்பும் என் மாணவர் சிலர், அங்கே முன்னிற்கும் பத்துக் கட்டுரைகளை ஆராய்ந்து, அவற்றையே சொன்மாற்றி எழுதுகின்றனர். ஒருவர் பிழை இவ்வாறு பதின்மர் பிழையாகின்றது. ஏடு பெயர்த்தெழுதியோராலும் இக்கேடே விளைந்தது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பல பிரதிகளை ஒப்புநோக்கியே 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்.

மாணவர்களே, முன்னிற்பவற்றை ஆராய்வது நன்றே. தேடுவோர் எச்சொல்லால் தேடுகின்றனர், எதனை அறிய விழைகின்றனர் என்பன அதனாற் புலப்படும். ஆயின், அவை கூறாது விட்டதையுங் குறித்துக்கொண்டு மூலநூலை நாடுங்கள். 2005இல் தோன்றிய ‘நூலகம்’ மின்னூலகத்தில் ஈழத்து நூல்கள் பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தேடி வந்தவன் புதிதொன்றும் அறியாது மீள்வானாயின், முதலிடத்தாற் பயன் யாது?