சம்பளத்தில் கழியும் அரசியல் நன்கொடை

ஐக்கிய அமெரிக்காவில் கம்பனியொன்று தனது நிதியிலிருந்து சமஷ்டித் தேர்தல் வேட்பாளருக்கு ஒரு டொலரேனும் நேரடியாக வழங்க முடியாது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்துள்ளது. ஆயினும் கம்பனிகளின் பெயர் தாங்கிய அரசியல் நடவடிக்கைக் குழுக்கள் ஒவ்வொரு தேர்தலிலும் பணம் வழங்கியே வருகின்றன. அப்பணம் பெரும்பாலும் நிர்வாகத் தர ஊழியர்களின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவதாகும். ஒருவர் ஆண்டுக்கு 5,000 டொலர் வரை செலுத்தலாம். குழுவும் வேட்பாளர் ஒருவருக்குத் தேர்தலொன்றுக்கு 5,000 டொலரே வழங்கலாம். கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதனிலைத் தேர்தல் தனியாகக் கணக்கிடப்படுவதால் தொகை இரட்டிப்பாகின்றது. குழுவின் நிர்வாகச் செலவைக் கம்பனியே ஏற்கலாம் என்பது சட்டம் திறந்து வைத்த இன்னொரு வாசல்.

நன்கொடை சுயவிருப்பிலானது, மறுப்பவரைப் பழிவாங்கலாகாது என்கிறது சட்டம். பதவியுயர்வைத் தீர்மானிக்கும் மேலிடமே கேட்கும்போது மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? பணம் எவரைச் சென்றடைவது என்பதையும் வழக்கமாக ஒரு சில அதிகாரிகளே முடிவு செய்கின்றனர். கட்சிக் கொள்கையை விட, தமது தொழிலைப் பாதிக்கும் காங்கிரஸ் குழுக்களில் அமர்ந்திருப்பவர் யார் என்பதே அவர்களுக்கு முக்கியம். எனவேதான் இரு கட்சிகளுக்கும் பணம் செல்கின்றது.

2021 ஜனவரி 6ஆம் திகதி, பைடனின் வெற்றி உறுதிப்படுத்தப்படுவதை எதிர்த்துக் குடியரசுக் கட்சியினர் 147 பேர் வாக்களித்ததையடுத்து, பல கம்பனிகள் நன்கொடைகளை இடைநிறுத்தின. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அவற்றுட் சில மீண்டும் வழங்கத் தொடங்கின. பணத்துக்குரிய ஊழியரின் சம்மதத்தைப் பெற வேண்டுமென இவ்விரு முடிவுகளுக்கும் சட்டம் நிபந்தனை விதிக்கவில்லை.