கொலு பொம்மை மாதிரி சுற்றாதீங்க! வீடு மாறும்போது ஸ்கேல் மாடல்களைக் காப்பாற்றுவது எப்படி?

வீடு மாறும் நாளில் டிவி, ஃப்ரிட்ஜ், பீரோ எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். பேக்கிங் ஆட்களுக்கு அது தினசரி வேலை. ஆனால், பையன் மூன்று மாதம் உட்கார்ந்து ஒட்டி பெயின்ட் அடித்த விமானத்தையும், ரிட்டயர் ஆன தாத்தா நூல் நூலாகக் கட்டிய பாய்மரக் கப்பலையும் எப்படிக் கட்டுவது? உடைந்தால் கிட்டின் விலையை வேண்டுமானால் இன்ஷூரன்ஸ் படிவத்தில் எழுதலாம். அந்த மூன்று மாதத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நம் வீடுகளில் உடனே கைக்கு வருவது கொலு பொம்மை டெக்னிக்தான். பழைய வேட்டியை இறுக்கிச் சுற்றி, பெட்டியில் நெருக்கி அடுக்குவது. மண் பொம்மைக்கு அது சரி. ஆனால் 1:72 ஸ்கேல் மாடல் என்றால், நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் 11 மீட்டர் இறக்கை, இதில் சுமார் 15 சென்டிமீட்டர்தான். அப்படியானால் அதன் ஆன்டெனா எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். லாரி குலுங்கும்வரைகூட அது காத்திருக்காது. சுற்றும்போதோ பிரிக்கும்போதோ துணியில் மாட்டி முறிந்துவிடும்.

அதனால் சுற்றவே வேண்டாம். பலமான இடத்தைப் பிடித்து நிறுத்துங்கள், மெலிந்த இடத்தைக் காற்றில் விடுங்கள். விமானம் என்றால், அதன் உடலும் இறக்கையும் சேரும் இடத்தில் தாங்குமாறு ஃபோமில் பள்ளம் வெட்டி உட்கார வைக்கலாம். கப்பலின் பீடத்தைப் பெட்டியின் அடிப்பலகையோடு கீழிருந்து ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். பாய்மரத்தைவிடப் பெட்டி உயரமாக இருக்க வேண்டும். கயிறுகளை எதுவும் தொடக் கூடாது. இந்தப் பெட்டியை இன்னும் பெரிய பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டருக்கு மெத்தென்று ஏதாவது அடைத்தால் போதும்.

கழற்ற முடிந்த புரொப்பல்லரைத் தனி ஜிப் கவரில் போட்டு, எந்த விமானத்துடையது என்று எழுதிவையுங்கள். கட்டுவதற்கு முன் நாலு பக்கமும் மொபைலில் போட்டோ எடுத்துவிடுங்கள்.

காரில் நாமே எடுத்துப் போவது நல்லதுதான். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெயிலில் காரை நிறுத்தி சாப்பிடப் போகக் கூடாது. இந்தக் கிட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். சூட்டில் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணும் இதே கதைதான். கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் கீழ்த்தட்டிலோ வைக்கலாம்.

வருடக்கணக்கில் எடுத்துவைப்பவர்களை ஏமாற்றுவது பெட்டிக்குள் போடும் பொருள்கள். பூச்சி வராமல் இருக்கட்டும் என்று பாசத்தோடு நாலு நாப்தலீன் உருண்டையைப் போடுவோம். அந்த ஆவியே பாலிஸ்டைரீனை இளக வைத்துவிடும்! பபிள் ஷீட் பெயின்ட்டில் நேரடியாகப் பட்டால், நாளடைவில் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். மஞ்சள் ஸ்பாஞ்ச் சில வருடங்களில் பொடிந்து பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். டிவி பெட்டியில் வருகிற வெள்ளை இ.பி.இ ஃபோம் பரவாயில்லை. சில கார் மாடல்களில் மெத்தென்ற வினைல் டயர் இருக்கும். அது சக்கரத்தின் பிளாஸ்டிக்கையே மெல்ல அரிக்கும் என்பதால், முடிந்தால் கழற்றித் தனியாக வையுங்கள். தாத்தாவின் கப்பலில் ஈயத்தால் செய்த நங்கூரம், பீரங்கி இருந்தால், காற்றுப் புகாத மரப்பெட்டி ஆகாது. மரத்திலிருந்து வரும் அமில ஆவியால் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். மியூசியங்களுக்கே இது தீராத தலைவலி.

மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பெட்டியைத் திறந்து, ஓரத்தில் போட்ட சிலிகா ஜெல் பாக்கெட்டுகளை மாற்றுங்கள். பசை விட்டுப்போன குட்டி பாகம் ஏதாவது அடியில் கிடக்கலாம். குப்பையென்று தட்டிவிடும் முன், அந்தப் பழைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.