"விளங்கினதா?" எண்டு கேட்டா படிப்பிச்சதா?

இறுதிப் பரீட்சை முடிந்து உள்ளகப் பயிற்சிக்காகக் காத்திருந்த மாதங்களில், நான் படித்த மருத்துவ பீடத்திலேயே உடற்கூற்றியல் துறையில் டெமோவாக நின்றேன். முதல் நாள் என் கையில் தந்தவை இரண்டு: நேரசூசி, மேசை இலக்கம். எப்படிப் படிப்பிக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சதுதானே, சொல்லிக் குடுங்கோ" என்பதோடு என்னுடைய ஆசிரியப் பயிற்சி முடிந்தது.

அன்றைக்குக் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல். இரண்டு மணித்தியாலம் கதைத்தேன். இடைக்கிடை "விளங்கினதா?" என்றேன். பன்னிரண்டு தலையும் ஆடின. முடிந்து கை கழுவும்போது ஒரு தம்பி பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டான்: "அக்கா, குறை நினைக்காதேங்கோ, 'ப்ரொக்சிமல்' எண்டா என்ன?"

ஏ.எல். வரைக்கும் 'அண்மை', 'சேய்மை' என்று தமிழில் படித்துவிட்டு வந்த பெடியன். ஒரு சொல்லில் தடக்கி, இரண்டு மணித்தியாலமும் வெளியிலேயே நின்றிருக்கிறான். நான் கவனிக்கவே இல்லை. இது அவனுடைய பிழையா?

பாடம் தெரிந்தவருக்குப் படிப்பிக்கவும் தெரியும் என்பதுதான் எங்கள் மருத்துவ பீடங்களின் பெரிய மூடநம்பிக்கை. உண்மையில் நன்றாகத் தெரிந்தவர்தான், தான் முதலில் எங்கே தடக்கினார் என்பதை மறந்துவிடுகிறார். தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியராக மூன்று வருசம் வேண்டும். அதில் ஒரு வருசம் பாடசாலையிலேயே பயிற்சி. தகுதிகாண் விரிவுரையாளரும் நியமனம் நிரந்தரமாவதற்குக் கற்பித்தல் பயிற்சி முடிக்கவேண்டும். ஆனால் மாணவருக்கு ஆகக் கிட்ட நிற்கிற டெமோவுக்கும், வாட்டில் பட்டப்பின் படிப்போடு அல்லாடுகிற ரெஜிஸ்ட்ராருக்கும்? நேரசூசியும் மேசை இலக்கமும்!

ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எல்.சி.எம்.ஈ., மாணவருக்குப் படிப்பிக்கிற பட்டப்பின் மாணவரையும் பயிற்சி மருத்துவரையும் அந்த வேலைக்குத் தயார்ப்படுத்தவேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. எங்களுக்கோ "நாங்களும் பேச்சு வாங்கித்தான் படிச்சம்" என்பதுதான் விதி.

பேச்சு வாங்கியவன் என்ன படிக்கிறான்? கேள்வி கேட்காமல் இருக்கப் படிக்கிறான். அவனே நாளைக்கு உள்ளகப் பயிற்சியில், இரவு இரண்டு மணிக்கு, சந்தேகம் வந்தும் சீனியரை எழுப்பப் பயப்படுவான். அந்தப் பயத்தின் விலையை அவன் கட்டப்போவதில்லை. கட்டிலில் கிடக்கிற நோயாளிதான் கட்டவேண்டும்.

"நேரமில்லை, காசில்லை" என்பார்கள். கேட்பது இரண்டே நாள். பத்து நிமிசம் படிப்பித்துக் காட்டி, சக டெமோக்களிடம் குறை நிறை கேட்கட்டும். கனுலா போடப் பழக்குவதற்கு, சத்திரசிகிச்சை நிபுணர் றொட்னி பெய்ற்றன் 1998 இல் எழுதிய நான்கு படிகள் போதும்: முதலில் பேசாமல் செய்துகாட்டு, பிறகு விளக்கி விளக்கிச் செய், பிறகு மாணவர் சொல்லச் சொல்ல நீ செய், கடைசியில் அவரே சொல்லிக்கொண்டு செய்யட்டும். இதற்கு என்ன கோடிக்கணக்கில் காசா வேண்டும்?

அடுத்த கிழமை நான் "விளங்கினதா?" என்பதை விட்டேன். "இப்ப நீங்கள் எனக்குச் சொல்லித் தாங்கோ" என்றேன். முதல் ஐந்து நிமிசத்திலேயே, நான் சொன்னதாக நினைத்ததில் பாதி ஒருவரிடமும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கம் மேசைக்குப் போக முதலே எனக்கு வந்திருக்கவேண்டும்.

அடுத்த பட்சில் டெமோவாகப் போகிறவர்களே, நேரசூசியை வாங்கும்போது இதையும் கேளுங்கோ: "எப்பிடிப் படிப்பிக்கிறது எண்டு எங்களுக்கு ஆர் சொல்லித் தாறது?" பதில் இல்லாவிட்டால், அந்த மௌனத்தையும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கோ.