தெரிந்த பையன்தானே என்று காரைத் தவணைக்குக் கொடுக்கும் முன்...

மூன்றரை லட்சம் ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார். வாங்க வருபவர் எதிர்வீட்டு அக்காவின் தம்பி. “ஒரு லட்சம் இப்போ தர்றேன்க்கா. மீதியை மாசம் 25 ஆயிரம்னு பத்து மாசத்துல கட்டிடறேன்” என்கிறார். நல்ல பையன், வேலையும் இருக்கிறது. எழுதி வாங்கினால் மனசு கோணுமோ என்ற தயக்கம் வேறு. ‘கடைசித் தவணை வந்ததும் பேர் மாத்திக்கலாம்’ என்று ஆர்.சி. புக்கைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஆர்.சி. நம்மிடம் இருக்கிறது, பிடி நம் கையில்தான் என்ற நினைப்பு விற்பவருக்கு. உண்மையில் அந்தப் பத்து மாதமும் மாட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பொதுவாக யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. கார் பல கை மாறி, ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயர் மாறாமல் இருந்த ஒரு விபத்து வழக்கில், 2018-ல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு அந்த முதல் ஆள்தான் என்று தீர்ப்பளித்தது. அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பது அதில் உள்ள நியாயம். விற்றவர் வேண்டுமானால் வாங்கியவர் மீது தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் இதில் பெரும்பங்கு அந்த நிறுவனத்தின் தலையில் போய்விடும். அது இருந்தால்தானே! தவணை கட்டவே திணறுகிறவர் முதலில் விடுவது பாலிசி புதுப்பிப்பைத்தான். ஏழாவது மாதம் பாலிசி முடிகிறது, எட்டாவது மாதம் விபத்து என்றால் நஷ்டஈடு விற்றவரின் சொந்தப் பணத்திலிருந்து போக வேண்டிவரும். உயிரிழப்பு வழக்குகளில் அந்தத் தொகை காரின் விலையைப் போலப் பல மடங்காக இருக்கலாம். பாலிசி இருந்தும் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால், நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிப்பதும் உண்டு. 18 வயது ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி பெற்றோரோ உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று பதில் சொல்ல வேண்டும். இ-செலான்கள் உங்கள் செல்போனுக்கே வரும் என்பது இவற்றோடு ஒப்பிட்டால் சின்னத் தொல்லை.

சரி, பெயரை உடனே மாற்றிக் கொடுத்துவிட்டால்? விபத்துப் பயம் தீர்ந்தது. ஆனால் இரண்டரை லட்சம் பாக்கி இருக்கும்போதே கார் முழுக்க அவருடையது ஆகிவிடும். நாளைக்கே அவர் வேறு ஆளுக்கு விற்கலாம்.

இந்த இரண்டு பக்கமும் இடிக்காமல் வர மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, தவணைக்கே விற்காமல் இருப்பது. வாங்குபவர் வங்கியில் பழைய கார் கடனோ நகைக்கடனோ வாங்கி உங்களுக்கு முழுப் பணத்தையும் கொடுக்கட்டும். தவணையை அவர் வங்கிக்குக் கட்டட்டும். வங்கி கொடுக்கத் தயங்குகிறது என்றால், அதே ஆளுக்கு நீங்கள் கடன் கொடுக்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்கலாம். இரண்டாவது, கடைசித் தவணை வரும்வரை காரை உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைப்பது. சீட்டுக் கட்டுவது போல அவர் கட்டி முடித்து எடுத்துப் போகட்டும். இரண்டு மூன்று மாதத் தவணைக்கு இது போதும்.

மூன்றாவதுதான் சட்டம் காட்டும் வழி. ஆர்.சி.யை வாங்குபவர் பெயருக்கு மாற்றி, அதிலேயே உங்கள் பெயரில் ‘ஹெச்.பி.’ பதிய வைப்பது. வங்கிக் கடனில் வாங்கிய கார்களின் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்குமே, அதே இடம். கடன் ஒப்பந்தம் வைத்திருப்பவர் பெயரைப் பதியச் சட்டத்தின் 51-வது பிரிவு இடம் தருகிறது. அதற்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட படிவம் 34 வேண்டும். பதிந்துவிட்டால் விபத்துக்குப் பொறுப்பு, வண்டியைக் கையில் வைத்திருப்பவருடையது. உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் காரை வேறு பெயருக்கு மாற்றவும் முடியாது. வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனிகளின் ஹெச்.பி.யையே பதிந்து பழகிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தனிநபர் பெயர் என்றதும் தயங்கக்கூடும். அதனால் பேரம் முடிவதற்கு முன்பே நேரில் போய்க் கேட்டு வாருங்கள்.

எந்த வழியானாலும் ஒப்பந்தம் முத்திரைத்தாளில் இருக்க வேண்டும். பதிவு எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், மொத்த விலை, அட்வான்ஸ், ஒவ்வொரு தவணையும் எந்தத் தேதிக்கு, இரண்டு சாட்சிகள் என்று இதுவரை எல்லோரும் எழுதிவிடுவார்கள். விட்டுவிடுவது கசப்பான பகுதியை. எத்தனை தவணை தவறினால் காரைத் திருப்பித் தர வேண்டும், அப்போது கட்டிய பணத்தில் எவ்வளவு கழியும், பணம் முடியும்வரை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, இன்ஷூரன்ஸும் அபராதமும் யார் செலவு என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். ‘தவறினால் கட்டிய பணம் முழுதும் போச்சு’ என்று கோபமாக எழுதி வைப்பதில் பயனில்லை. நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும்.

பத்து தவணைக்குப் பத்து செக் வாங்கி வைப்பது நல்ல பழக்கம். தேதி வந்தபின் மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் மனு. ‘அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்க்கா’ என்ற பேச்சில் இந்த நாட்களைக் கோட்டை விடுகிறவர்கள் ஏராளம். பாக்கிக்காக சிவில் வழக்குப் போடுவதற்கும் காலக்கெடு உண்டு. பொதுவாகத் தவணை தேதியிலிருந்து மூன்று ஆண்டு.

பணம் வங்கிக் கணக்கு வழியாகவோ ஜிபே வழியாகவோ வரட்டும். ‘கார் தவணை 3’ என்று குறிப்பும் இருக்கட்டும். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பத்து மாதமாகப் பிரித்து வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். வாங்கிய தொகை அளவுக்கே வாங்கியவருக்கு அபராதம் வரலாம்.

கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவம் 29, 30 ஆகியவற்றை யாரிடமும் கொடுக்காதீர்கள். அதை வைத்துக் கார் எத்தனை கை மாறியது என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும். விற்றதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க விற்பவருக்கு 14 நாள் அவகாசம், வாங்குபவர் வேறு மாநிலம் என்றால் 45 நாள். சாவி கொடுக்கும் தேதி, மணி, மீட்டர் அளவு எழுதிக் கையெழுத்து வாங்கும் டெலிவரி நோட்டும் அவசியம். விபத்து நஷ்டஈட்டிலிருந்து அது காப்பாற்றாது. ஆனால் கார் ஏதாவது குற்றத்தில் சிக்கினால், அன்றைக்கு அது யார் கையில் இருந்தது என்று போலீஸிடம் காட்ட அந்தக் காகிதம்தான் உதவும். ஆர்.சி. கணவர் பெயரில் இருந்து அவர் தவறிவிட்டார் என்றால், முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகே விற்பனைப் பேச்சு.

எதற்கும் இடமில்லாமல் கார் ஏற்கெனவே போய்விட்டது, ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில்தான் என்கிறவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்று பார்ப்பது. கைக்காசு போட்டாவது நீங்களே புதுப்பித்து, தவணையோடு சேர்த்துக் கேளுங்கள். பணம் வரவில்லையே என்று ராத்திரியில் மாற்றுச் சாவியோடு போய் வண்டியை எடுத்து வருவது மட்டும் வேண்டாம். சட்டப்படிதான் மீட்க வேண்டும் என்று ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கே நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. பெயர் மாறியிருந்தால் திருட்டுப் புகாரே உங்கள் மேல் வரும். வக்கீல் நோட்டீஸில் தொடங்குவதுதான் சரி.

எல்லாத் தவணையும் ஒழுங்காக வந்து முடிந்தால் உங்கள் பக்கமும் வேலை உண்டு. பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்து, ஹெச்.பி.யை நீக்கப் படிவம் 35-ல் கையெழுத்துப் போடுங்கள். மிச்ச செக் ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று பரிவாஹன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். சாவி கொடுத்த அன்றே ஃபாஸ்டேகை வங்கியில் சொல்லி மூடியிருக்க வேண்டும். மறந்திருந்தால், பரனூர் டோல்கேட் பணம் இன்னும் உங்கள் கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருக்கும்.